சேம அச்சும் சைக்கிள் சக்கரமும்

மேடு பள்ளம் நிறைந்த வழியில் வண்டி எங்கே முறியுமோ என்று அஞ்சிய உப்பு வணிகரான உமணர், அடிமரத்தில் மாற்று அச்சொன்றைக் கட்டிச் சென்றனர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் 'சேம அச்சு'க்கு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணம் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்த நெய்தல் நிலத்தில் இன்றும் உப்பு விளைகிறது, சக்கரம்தான் மாறிவிட்டது.

மாட்டுவண்டியில் பாரம் அடியிலுள்ள ஆரக்காலின்மேல் நிற்கிறது. சைக்கிளின் மெல்லிய கம்பி அவ்வாறு நின்று தாங்காது, வளைந்துவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் இழுத்துக் கட்டி, அந்த இழுவிசையின் சமநிலையால் வளையத்தை நிறுத்துகிறார்கள். பாரீசின் யூஜின் மேயர் 1869இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் கம்பிகளைக் குறுக்காகப் பின்னும் முறையைக் கொணர்ந்தார். நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள் என்பது வழக்கம்.

ஒரு கம்பி தளர்ந்தாலும் சமநிலை குலையும், சக்கரம் ஆடும். உப்புக் காற்று வீசும் கரையில் துரு இதை விரைவுபடுத்துகிறது. நிப்பிள் கம்பியோடு இறுகிவிட்டால், திருகும்போது கம்பியே ஒடியும்.

நோய்முதல் காண வீட்டில் நமக்கு ஒரு சாக்கட்டி போதும். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ரிம்மைப் பிடித்து இடவலமாக அசைப்போம். அச்சில் 'டொக்' என்று தட்டினால் குறை கோனிலோ பால்ஸிலோ உள்ளது. கம்பியைத் தொட வேண்டியதில்லை. தட்டாவிட்டால், சாக்கட்டியை ரிம்மின் ஓரமாக அசையாது பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுவோம். கோடு விழுமிடமே கோட்டம். அங்குள்ள கம்பிகளைச் சுண்டினால் தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி மீண்டும் பார்க்கலாம். கம்பிகள் யாவும் ஒத்து ஒலித்தும் கோட்டம் நின்றால், ரிம்மே வளைந்திருக்கிறது. மேலும் இறுக்குவது கம்பியை ஒடிக்கவே உதவும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைப் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டவைத்தது. ஓட்டத் தெரிந்தவருக்குப் பாதி விடுதலை கிட்டியது. கோட்டம் எடுக்கவும் தெரிந்தவருக்கே மறுபாதி. விடியலில் உப்பளம் சேரவேண்டியவர் கடை திறக்கும்வரை காத்திருக்க முடியாதல்லவா? உமணர் சுமந்த சேம அச்சை நாம் அறிவாகச் சுமக்கலாம், அதற்கு எடையில்லை.