கொத்தரிசியும் வாக்குச்சீட்டும்

1952ஆம் ஆண்டு மே மாதப் பொதுத்தேர்தலின்போது, பங்கீட்டு அரிசி கொத்தொன்று 25 சதத்திற்கே தொடர்ந்து கிடைக்கும் என்று பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா உறுதியளித்தார். அவருடைய கட்சி வென்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்த விலை 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நின்றது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின.

காரணங்கள் இரண்டு. கொரிய யுத்தகாலத்தில் உயர்ந்த இறப்பர் விலை வீழ்ந்தது. அரிசியின் உலகச் சந்தை விலையோ ஏறியது. திறைசேரி நெருக்கடிக்குள்ளானது. இஃது ஒன்று. மற்றது உலக வங்கியின் ஆலோசனை. 1951இன் இறுதியில் இலங்கை வந்த அவ்வங்கியின் தூதுக்குழு, உணவு மானியத்தைக் குறைக்குமாறு தன் ஆங்கில அறிக்கையிற் பரிந்துரைத்தது.

வங்கி கட்டளையிடவில்லை, ஆலோசனையே கூறியது என்பர் சிலர். உண்மையே. விலையை உயர்த்திய பொறுப்பு மந்திரிசபையினுடையது. ஆயினும் அவ்வாலோசனைக்கு இருந்த பலம் எத்தகையது? கிராமத்து வாக்குச்சாவடியில் ஆளுக்கொரு வாக்கு. உலக வங்கியிலோ மூலதனப் பங்கிற்கேற்ற வாக்கு. கடன் நாடும் வறிய தேசத்தின் மந்திரிகளுக்கு, இவ்விரண்டில் எதன் குரல் உரக்கக் கேட்கும் என்று கூறவும் வேண்டுமோ? மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு அந்த ஒரு வாக்குத்தானும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனையடுத்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்திருந்தன.

வாக்குச்சீட்டு மதிக்கப்படாதபோது மக்கள் வீதிக்கு வந்தனர். இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் நிகழ்ந்தது. மேற்கு, தெற்குக் கரையோரங்களில் போக்குவரத்து ஸ்தம்பித்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதம மந்திரி பதவி துறந்தார்; பின்வந்த அரசாங்கம் அரிசி விலையைக் குறைத்தது.

சர்வதேச ஸ்தாபனங்களின் அறிவோ உதவியோ வேண்டாமென்பது நம் வாதமன்று. அவற்றின் ஆலோசனை, மக்களின் மொழியில், மக்கள் முன்னிலையில், தேர்தலுக்கு முன்னரே விவாதிக்கப்படல் வேண்டும். 2023இல் சர்வதேச நாணய நிதியத்துடன் கடனுடன்பாடு ஏற்பட்டபோதும் இதே பிரச்சினை நம்முன் நின்றது. வகுப்பறையில் ஜனநாயகத்திற்கு இலக்கணம் கற்பிக்கும் நாம், அதன் உரைகல்லை 1953இலே காண்கிறோம்: அடுப்பில் ஏறும் அரிசியின் விலையைத் தீர்மானிப்பதில் அதனை உண்பவனுக்கும் குரல் உண்டா?