கிறிஸ்தவ அருள்பணியாளர் உடைகள்

ஆயர், குரு, திருத்தொண்டர் ஆகிய கிறிஸ்தவத் திருநிலையினர் வழிபாட்டிலும் அன்றாட வாழ்விலும் அணியும் தனி ஆடைகளே அருள்பணியாளர் உடைகள். இவற்றுள் பெரும்பாலானவை உரோமைப் பேரரசில் பொதுமக்கள் உடுத்திய ஆடைகளிலிருந்து வந்தவை. உடுத்துபவரின் சொந்தத் தோற்றத்தை மறைத்து, அவர் ஏற்றிருக்கும் பணியை முன்னிறுத்துவதே இவற்றின் நோக்கம்.

தோற்றம்

தொடக்ககாலத் திருச்சபையில் குருக்கள் மற்றவர்களைப் போலவே உடுத்தினர். தென் கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டு ஆயர்கள் சிலர் தனி உடை அணியத் தொடங்கியபோது, திருத்தந்தை முதலாம் செலஸ்தீன் 428-இல் அவர்களைக் கண்டித்து எழுதினார். போதனையும் நடத்தையுமே அருள்பணியாளரை வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. பின்னர் ஐரோப்பியப் பொதுமக்கள் குட்டைச் சட்டைக்கும் காற்சட்டைக்கும் மாறினர். குருக்கள் பழைய நீண்ட அங்கியை விடவில்லை. இப்படித்தான் ஊர்வழக்காக இருந்த உடை திருச்சபைக்குரிய உடையாயிற்று.

633-இல் ஸ்பெயினின் தொலேதோவில் கூடிய சங்கம், தவறாகப் பதவி பறிக்கப்பட்டவரை மீண்டும் ஏற்கும் முறையை வகுத்தது. ஆயருக்குத் தோளில் அணியும் துணிப்பட்டையான தோள்பட்டையும் மோதிரமும் கோலும், குருவுக்குத் தோள்பட்டையும் மேலாடையும், திருத்தொண்டருக்குத் தோள்பட்டையும் வெண்ணங்கியும் பலிபீடத்தின் முன் திரும்பத் தரப்பட வேண்டும். உடையைத் தருவது பதவியைத் தருவதற்கு ஒப்பாகியிருந்ததை இது காட்டுகிறது.

கத்தோலிக்கத் திருப்பலி உடைகள்

இலத்தீன் மரபில் அடிப்படை உடை கணுக்கால்வரை நீளும் வெண்ணங்கி. இது திருமுழுக்கின் தூய்மையைக் குறிக்கும். அதை இடையில் கயிற்றால் கட்டுவர். அதன்மேல் தோள்பட்டை வரும். பேச்சுவழக்கில் இதை ஸ்டோல் என்பர். குரு இதைக் கழுத்தில் இட்டு இரு முனைகளும் முன்புறம் தொங்க அணிவார். திருத்தொண்டர் இடத்தோளிலிருந்து வலப்பக்கம் குறுக்காக அணிவார். ஒப்புரவு அருளடையாளம் வழங்கும் குரு ஊதாத் தோள்பட்டை அணிவது வழக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குரு அணியும் அகன்ற ஆடை, உரோமையரின் பயணப் போர்வையிலிருந்து வந்தது. கிறிஸ்துவின் அன்பும் அவர் சுமத்தும் இனிய நுகமும் இதன் பொருள். திருத்தொண்டர் அணியும் கையுள்ள மேலாடை தல்மாத்திய நாட்டுச் சட்டையின் வழிவந்தது. பவனியிலும் நற்கருணை ஆசீரிலும் முன்புறம் கொக்கியிட்ட நீண்ட போர்வையான காப்பா அணியப்படும்.

மாநிலப் பேராயர்களுக்கு உரியது பாலியம். ஆறு கருஞ்சிலுவைகள் பொறித்த இந்த வெண்கம்பளிப் பட்டையை, ஜூன் 29 ஆகிய பேதுரு, பவுல் பெருவிழாவில் திருத்தந்தை மந்திரிப்பார். சென்னை–மயிலை, மதுரை, புதுவை–கடலூர் பேராயர்கள் இதை அணியும் உரிமை உடையவர்கள்.

நிறங்கள்

1200-ஐ ஒட்டித் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் உரோமையின் நிறவழக்கை எழுத்தில் பதிந்தார். 1570-இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூல் அதை ஒழுங்குபடுத்தியது. இன்றைய வழக்கில் கிறிஸ்துமஸ், பாஸ்கா காலங்களுக்கு வெள்ளை, குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, பெந்தக்கோஸ்து, மறைசாட்சியர் விழாக்களுக்குச் சிவப்பு, திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, பொதுக்காலத்துக்குப் பச்சை. திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறன்றும் தவக்கால நான்காம் ஞாயிறன்றும் இளஞ்சிவப்பு அணியலாம். உடையைப் பார்த்தே மக்கள் திருவழிபாட்டுக் காலத்தை அறிந்துகொள்ள முடிகிறது.

பிற திருச்சபைகள்

கிரேக்க மரபுத் திருச்சபைகளில் குரு முன்புறம் இணைத்துத் தைத்த தோள்பட்டை இல்லாமல் வழிபாடு நடத்துவதில்லை. சீர்திருத்தத்துக்குப்பின் இங்கிலாந்தில் உடை பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று. ஆயராக நியமிக்கப்பட்ட ஜான் ஹூப்பர் பழைய உடையை மறுத்து 1551-இல் சிறை சென்றார். ஜெனீவாச் சீர்திருத்தத்தின் வழிவந்த சபைகள் போதகருக்குக் கறுப்பு மேலங்கியைப் போதுமானதாகக் கொண்டன. இலங்கையில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷன் ஊழியர்கள் வெள்ளுடை உடுத்துகின்றனர்.

அன்றாட உடை

கழுத்து முதல் பாதம்வரை பொத்தானிட்ட நீள் அங்கி கத்தோலிக்கக் குருவின் மரபுவழி உடை. ஐரோப்பாவில் இது கறுப்பு. வெப்ப நாடுகளில் வெள்ளை. திருத்தந்தைக்கு வெள்ளையும் கர்தினால்களுக்குச் சிவப்பும் ஆயர்களுக்கு ஊதாவும் உரியவை. உச்சியில் அணியும் சிறுதொப்பியிலும் இதே வேறுபாடு உண்டு. தற்போது பலநாட்டுக் குருக்களும் போதகர்களும் அணியும் வெள்ளைக் கழுத்துப்பட்டை 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. தகுந்த திருச்சபை உடையை ஆயர் பேரவை விதிப்படியும் உள்ளூர் வழக்கப்படியும் அணிய வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 284-ஆம் பிரிவு.

தமிழகத்தில்

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்து துறவியின் காவியை உடுத்தினார். அவரது அணுகுமுறைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அருளானந்தர் பண்டாரசாமிகள் எனும் துறவிகளின் கோலத்தில் ஊர் ஊராகச் சென்றார். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் குருமார் வெள்ளை அங்கியும் இடைக்கச்சையும் ஸ்டோலும் அணிகின்றனர். இந்தியக் கத்தோலிக்கருக்காக 1969-இல் உரோமை ஒப்புதல் அளித்த பன்னிரண்டு வழிபாட்டுத் தகவமைப்புகளுள், மரபு உடைகளுக்குப் பதிலாக எளிய அங்கியும் அங்கவஸ்திரமும் அணியலாம் என்பதும் ஒன்று.