கூலி என்னும் சொல்லின் கதை

நாம் அன்றாடம் வழங்கும் சொற்களுள் பலவற்றை ஆராய்ந்து பாராமலே வழங்கி வருகிறோம். பழக்கம் மிகுந்த சொல்லிடம் நாம் கேள்வி கேட்பதில்லை. அவ்வாறு தப்பி நிற்கும் சொற்களுள் ஒன்று ‘கூலி’.

தமிழில் கூலி என்பது ஆளின் பெயரன்று. உழைப்புக்கு ஈடாகப் பெறும் பொருளின் பெயர். உடலை வருத்தி முயன்றவனுக்குப் பயன் கிட்டாமற் போகாது என்று சொல்ல வந்த வள்ளுவர், அப்பயனைக் கூலி என்றே குறித்தார். அச்சொல்லில் அன்று இழிவின் நிழலும் இல்லை.

கடல் வாணிகத்தின் வழியே ஐரோப்பியர் நாவில் ஏறிய பின்னர், ‘கூலி’ உழைக்கும் மனிதனின் பெயராகவே வழங்கலாயிற்று. குஜராத்தில் வாழும் கோளி மக்களின் பெயரே இதற்கு மூலம் என்பாரும் உளர். மூலம் எதுவாயினும், அதன் பின்விளைவு தமிழரையும் சுட்டது.

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-ல் அமலுக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தத் தொழிலாளரைத் தேடினர். 1860 நவம்பரில், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாட்டுத் தொழிலாளருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நாளடைவில் அங்கே இந்தியர் அனைவரும் ‘கூலி’கள் ஆயினர். 1893-ல் அங்குச் சென்ற காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். தமிழர் பெயர்களின் ஈற்றில் வரும் ‘சாமி’யும் ஏளனச் சொல்லாயிற்று. சாமி என்றால் எஜமானன் அன்றோ, நான் உம் எஜமானன் அல்லேனே என்று சில இந்தியர் வெள்ளையருக்கு விடையிறுத்ததை அடிகள் தம் சுயசரிதையில் குறித்துள்ளார்.

ஒப்பந்தத் தொழிலாளரைக் கப்பலேற்றும் முறை 1917-ல் நிறுத்தப்பட்டது. சொல் மட்டும் நிற்கவில்லை. ரயில் நிலையங்களில் சிவப்புச் சட்டையும் பித்தளை வில்லையும் அணிந்து சுமை தூக்குவோருக்கு அதுவே பெயராயிற்று. அவர்களைச் ‘சகாயக்’, அதாவது உதவியாளர், என அழைக்கப்போவதாக 2016-ஆம் ஆண்டு ரயில்வே வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் வாய்வழக்கில் பழைய பெயரே நிலைத்துள்ளது.

பிறரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மனமின்றிச் செய்யும் வேலையைக் ‘கூலிக்கு மாரடித்தல்’ என்கிறோம். காசு பெற்று இழவு வீட்டில் அழுதவர்களிடமிருந்து பிறந்த வழக்கு இது. வயிற்றுக்காக அழுதவரை இது பழிக்கிறது. அக்கண்ணீரை விலைக்கு வாங்கியவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உழைப்பவரைத் தாழ்த்தும் மனப்பான்மை நம் பேச்சிலும் ஒளிந்திருக்கிறது என்பதை இதனால் உணரலாம்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மில் பலர் மாதம் முடிந்ததும் ஊதியம் பெறுகிறோம். அதற்குச் சம்பளம் என்று பெயர். அன்றாடம் அந்தியில் பெற்றால் அதுவே கூலி. இரண்டும் உழைப்பின் விலையே. எனினும், சம்பளம் வாங்குபவரை எவரும் ‘சம்பளம்’ என்று கூவி அழைப்பதில்லை. கூலி என்னும் நல்ல தமிழ்ச்சொல்லை அதன் பழைய பொருளுக்கே மீட்டுத் தருவோம். கூலி கையில் கொடுப்பதற்கு உரியது. மனிதரை அழைக்க அவரவர் பெயர் இருக்கிறது.