கொப்புள நோயும் மலையகத்து வெயிலும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா தோட்டங்களில் சவுக்கு என்று தொழிலாளர் அழைக்கும் கிரெவிலியா மரங்களும் முள்முருக்கு மரங்களும் தேயிலைச் செடிகளுக்கிடையே நடப்பட்டு, காற்றைத் தடுப்பதற்காகவும் தழையுரத்துக்காகவும் பேணப்பட்டுவந்தன. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்குள் நுழைந்தபோது அந்த மரங்களின் நிழலே ஐயத்துக்குரியதாயிற்று. எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்னும் பூஞ்சையால் விளையும் இந்நோய் விற்பனைக்குரிய இளங்கொழுந்தையே தாக்குவது. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய்க்குக் கோப்பிச் செய்கையையே பறிகொடுத்த மலைநாட்டில் அது எழுப்பிய அச்சம் சிறிதன்று.

செப்புக் கலவை தெளிப்பதோடு, மழைக்காலத்துக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விடுவதும் வழக்கமாயிற்று. பூஞ்சையின் வித்திகள், அதாவது காற்றில் பரவும் நுண்ணிய இனப்பெருக்க அணுக்கள், மெல்லிய சுவருடையவை. நேர்வெயில் அவற்றை உலர்த்துவதோடு புற ஊதாக் கதிராலும் மடியச் செய்கிறது. 1960களில் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அலன் கெர் முதலியோர், வெயில் அடிக்கும் மணிநேரத்தைக் கணக்கிட்டே நோயின் வரவை முன்னறிய முயன்றனர்.

வித்தியைக் கொல்லும் அதே கதிர் தேயிலை இலையிலும் விழுகிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடுந்தோறும் அது ஏறத்தாழ 10 விழுக்காடு வலுக்கவும் செய்கிறது. கலத்தின் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின் மூலங்களை அது ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதால், அவ்விடத்தில் இழையைப் படியெடுப்பது தடைப்படுகிறது. இலையிலுள்ள ஃபிளேவனோல் சேர்மங்கள் கதிரின் ஒரு பங்கை மேற்றோலிலேயே உறிஞ்சிக்கொள்ள, அதையும் மீறி நேரும் பழுதை ஃபோட்டோலையேஸ் என்னும் நொதியம் சீர்செய்கிறது: ஒட்டிய இடத்தைப் பற்றி, வெயிலின் நீல ஒளியை வாங்கி, ஓர் இலத்திரனைச் செலுத்தி, இழையை வெட்டாமலே பிணைப்பை அவிழ்க்கிறது. பழுதாக்கும் வெயிலே பழுதுபார்க்கும் ஆற்றலையும் தருவது வியப்புக்குரியது. புற ஊதாக் கதிரால் சேதமுற்ற நுண்ணுயிர்கள் ஒளி பட்டால் மீள்கின்றன என்று அமெரிக்காவில் ஆல்பர்ட் கெல்னர் அறிவித்தது 1949இல். மலைநாட்டில் கொப்புள நோய் பரவத் தொடங்கி அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஃபோட்டோலையேஸ் நொதியம் மனிதரிடம் இல்லை. நஞ்சுக்கொடியுள்ள பாலூட்டிகளின் பரம்பரையில் அது தொலைந்துபோனதால், பழுதான துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பும் மெதுவான வழியையே மனிதத் தோல் நம்பியிருக்கிறது. நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்தவர்களும் மருந்துத் தொட்டியைச் சுமந்தவர்களும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தொழிலாளரே. தலையில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டி, பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்களுக்கு, பூஞ்சைக்காகக் குறைக்கப்பட்ட அந்த நிழல்தான் மலையில் இருந்த ஒரே நிழல்.