நீருக்கடியில் ஒரு தண்டநாயகன்

போன சித்திரையில் மசினகுடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாயிக்கு போனில் ஒரு வீடியோ காட்டிக்கொண்டிருந்தேன். சீனாவில் சிய்யான் என்றொரு நகரம். பழைய பெயர் சாங்கான். ஹான், தாங் என்று எத்தனையோ அரச வம்சங்களுக்குத் தலைநகராக இருந்த ஊர். நகரைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டருக்கு மதில் நிற்கிறது. உயரம் 12 மீட்டர். மேலே ஒரு லாரியும் ஒரு பஸ்ஸும் தாராளமாக ஒதுங்கிப் போகலாம், அவ்வளவு அகலம். அதன் மேல் பிள்ளைகள் வாடகை சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எங்கூருக் கோட்டையும் இப்படித்தான் கண்ணு. இத்தனை பெருசில்ல, பாதி இடிஞ்சு கெடக்கும். ஆனா மேல ஏறி ஓடுவோம்."

அம்மாயியின் ஊர் டணாய்க்கன் கோட்டை. இப்போது அங்கே ஓடவெல்லாம் முடியாது. 1955-லிருந்து அது பவானிசாகர் அணைக்குள் கிடக்கிறது.

சின்ன வயதில் இந்தப் பெயரைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். டணால், டமால் மாதிரி இருக்கிறதே என்று. தண்டநாயக்கன் என்ற சொல்தான் வாயில் உருண்டு உருண்டு டணாய்க்கன் ஆனது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. தண்டம் என்றால் படை. தண்டநாயகன் என்றால் படைத்தலைவன். ஆனால் யாருடைய படை? கொங்கு நாட்டின் மூலையில், மோயாறும் பவானியும் கூடுகிற இடத்தில், யாருக்கு என்ன வேலை?

இதற்குப் பதில் தேட மசினகுடியிலிருந்து கீழே இறங்கக்கூடாது. மேற்கே தெப்பக்காடு போய், முதுமலையையும் பந்திப்பூரையும் தாண்டி மைசூர் மேட்டுக்கு ஏற வேண்டும்.

*

எங்கள் ஊர்ப் பெயரே பாதி கன்னடம். 'குடி' என்றால் கன்னடத்தில் கோயில். மசினி அம்மன் கோயில் இருக்கிற இடம் மசினகுடி. பொக்காபுரம் மாரியம்மன், சிறியூர் மாரியம்மன் எல்லாரும் அக்கா தங்கச்சிகள் என்றும், மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். சந்தையில் ஒரே ஆள் இருளரிடம் ஒரு பேச்சு, படுகரிடம் ஒரு பேச்சு, எங்களிடம் ஒரு பேச்சு என்று பேசிவிட்டுப் போவார். இந்தக் கலப்புக்குப் பல காரணங்கள் உண்டு. மிகப் பழைய காரணங்களில் ஒன்று போசளர்கள்.

போசளர்களின் தலைநகரம் துவாரசமுத்திரம், இன்றைய ஹளேபீடு. 1117-ல் அவர்களின் அரசன் விஷ்ணுவர்த்தனனுடைய தளபதி புணிசன் நீலகிரிக்குப் படையெடுத்தான். சாமராஜநகரில் உள்ள கல்வெட்டு அதைப் பெருமையாகச் சொல்கிறது: தொதவர்களை நடுங்க வைத்தானாம், கொங்கர்களைத் துரத்தினானாம், நீலமலையின் சிகரத்தை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கினானாம். தொதவர் என்ற பெயர் வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் முதல் இடமாக இதைத்தான் ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். எருமையும் பாலும் தவிர வேறெதையும் தேடிப் போகாத ஒரு ஜனம், யாரோ ஒருவனுடைய வீரப்பட்டியலில் 'நடுங்கியவர்கள்' என்றுதான் எழுத்துக்குள் நுழைகிறது. எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

அதற்கு இருநூறு வருஷம் கழித்து வருகிறவர்தான் நம்முடைய தண்டநாயகர். பெயர் மாதவன். அவருடைய அப்பா பெருமாள் தண்டநாயகரும் போசளரின் படைத்தலைவர்தான். மூன்றாம் வல்லாளனின் காலத்தில் மாதவ தண்டநாயகர் தெரகணாம்பியில் இருந்துகொண்டு இந்த எல்லை முழுவதையும் ஆண்டார். தனக்கு அவர் வைத்துக்கொண்ட பட்டங்களில் ஒன்று 'நீலகிரி சாதாரன்', அதாவது நீலகிரியை அடக்கியவன். அவர் எழுப்பியதுதான் டணாய்க்கன் கோட்டை. அங்கே இருந்த பெருமாளுக்கும் மாதவப் பெருமாள் என்றே பெயர். அவருக்குப் பின் மகன் கேத்தயன் அதிகாரத்துக்கு வந்தார்.

தலைநகரம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். துவாரசமுத்திரம் பெரிய வீடு என்றால் தெரகணாம்பியும் டணாய்க்கன் கோட்டையும் அதன் திண்ணையும் வாசலும். ஆனால் வாசலில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்காமல் யாரும் உள்ளே போக முடியாது. வரைபடத்தைக் கையில் எடுத்தால் புரியும். மைசூர் மேட்டிலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்க கஜலட்டிக் கணவாய் ஒரு வழி. அது மோயாற்றுப் பள்ளத்தில்தான் இறங்குகிறது. அந்தப் பள்ளம் சமவெளியில் திறக்கிற வாயில் கோட்டை. பக்கத்திலேயே அரக்கோடு, தேநாடு வழியாக நீலகிரிக்கு ஏறும் பாதை. மலை, மேடு, சமவெளி மூன்றுக்கும் ஒரே பூட்டு.

*

அந்த நேரத்தில் பூட்டு எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு மூன்றாம் வல்லாளனின் கதையே போதும். 1311-ல் மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தின் மீது பாய்ந்தான். அடுத்த பதினைந்து, பதினாறு வருஷத்தில் துக்ளக்கின் படை வந்து நகரைச் சிதைத்தது. வல்லாளன் தலைநகரத்தையே தூக்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்தான். திருவண்ணாமலையில் இருந்துகொண்டு ஆண்டான். அங்கே ராஜகோபுரத்தைத் தாண்டியதும் வருகிற கோபுரத்துக்கு இன்றும் வல்லாள மகாராஜா கோபுரம் என்றுதான் பெயர்.

வாழ்நாள் முழுக்க ஓடிய மனிதன். எண்பது வயதை ஒட்டிய முதுமையில் மதுரை சுல்தானோடு சண்டை போட்டு, ஜெயிக்கிற நேரத்தில் பிடிபட்டான். அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதை நேரில் கண்டதாக எழுதியவர் இபின் பதூதா. அதே இபின் பதூதா பிறகு சீனாவுக்கும் போனார் என்று அவருடைய பயண நூல் சொல்கிறது.

சிய்யானில் இன்று நாம் ரீல்ஸில் பார்க்கும் மதிலும் அந்த நூற்றாண்டின் வேலைதான். மிங் வம்சத்தின் முதல் பேரரசன் 1370-களில் எழுப்பியது. வல்லாளன் செத்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை. நம் கோட்டைக்கும் அந்த மதிலுக்கும் அரை நூற்றாண்டுதான் வயது வித்தியாசம் இருக்கும். ஆனால் அந்த மதிலுக்கு உள்ளே ஒரு செத்த நகரத்தின் அடித்தளம் இருக்கிறது. காஞ்சிபுரத்தைப் பார்த்துவிட்டு 645-ல் ஊர் திரும்பிய சுவான்சாங், கொண்டுவந்த சுவடிகளை மொழிபெயர்த்த தாங் காலத்துச் சாங்கான் அது. 904-ல் ஒரு தளபதி பேரரசனைப் பிடித்து லோயாங்குக்குக் கிளப்பினான். போகும்போது அரண்மனைகளையும் வீடுகளையும் பிரிக்கச் சொன்னான். உத்தரம், தூண், கதவு எல்லாவற்றையும் கட்டி வெய் ஆற்றில் மிதக்கவிட்டார்கள். உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று கட்டைகளாக ஆற்றோடு போயிற்று.

இதைப் படித்துவிட்டு அம்மாயிக்குச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "நாங்களும் அப்படித்தான் வந்தோம். கதவு, நெலவு, உத்தரம், எல்லாத்தையும் கழட்டி வண்டியில ஏத்துனாங்க. செவுத்த மட்டும் விட்டுட்டு வந்தோம்."

*

போசளருக்குப் பிறகும் கோட்டைக்கு ஓய்வில்லை. விஜயநகரம், மதுரை நாயக்கர், மைசூர் என்று கை மாறியது. ஹைதரும் திப்புவும் கொங்குக்கு இறங்க வேண்டுமென்றால் கஜலட்டி வழியைத்தான் பார்ப்பார்கள். 1790 செப்டம்பரில் திப்பு அந்த வழியாகத் திடீரென்று இறங்கி சத்தியமங்கலத்தில் ஆங்கிலப் படையைத் திணறடித்தார். 1799-ல் அவர் விழுந்த பிறகு எல்லாம் கம்பெனிக்குப் போனது.

1800-ல் புக்கானன் என்ற மருத்துவர் கம்பெனிக்காக மைசூர், கொங்கு, மலபார் என்று சுற்றியபோது டணாய்க்கன் கோட்டையில் தங்கி, மலை விளிம்பில் இருக்கும் அரக்கோடு வரை ஏறிப் பார்த்தார். 1812-ல் கீஸ் என்ற சர்வேயர் நீலகிரிக்கு ஏறியதும் இங்கிருந்துதான். ஊட்டி என்றால் ஜான் சல்லிவன், 1819 என்று நாம் ஒப்பிப்போம். ஆனால் கம்பெனியின் கண்ணுக்கு முதலில் பட்ட நீலகிரி, டணாய்க்கன் கோட்டையிலிருந்து அண்ணாந்து பார்த்த நீலகிரி. சல்லிவன் ஊட்டியைக் கட்டியதும் குன்னூர் வழி வந்தது. மேட்டுப்பாளையம் பெரிதாயிற்று. பூட்டு இருந்த இடத்தில் கதவே இல்லாமல் போனது. கோட்டை, சோளம் விளைகிற சாதாரண கிராமமானது. அம்மாயி பிறந்தது அந்தக் கிராமத்தில்.

*

1948-ல் அணை வேலை ஆரம்பித்தது. 1955-ல் முடிந்தது. 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் என்பது விளையாட்டு இல்லை. ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் ஓடுகிற கிராமங்களில் போய் அணை வேண்டாம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள், நியாயம்தான். என் பெரியம்மா வீட்டு நெல்லும் மஞ்சளும் அந்தத் தண்ணீர்தான்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. என் தாத்தா மின்வாரியக் கூலி. பைக்காரா ஆறு முக்கூர்த்தியில் பிறந்து, சிங்காராவில் மின்சாரம் கொடுத்துவிட்டு, எங்கள் ஊர் மரவகண்டி அணைக்கு வருகிறது. அங்கிருந்து மோயாறு மின்நிலையம். 1952-ல் அது ஓட ஆரம்பித்த காலத்தில் தாத்தா அங்கே வேலை பார்த்தார். டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீர் மோயாற்றுப் பள்ளத்தில் விழுந்து நேராகப் பவானிசாகருக்குப் போகிறது. "ஒங்க தாத்தன் திறந்துவிட்ட தண்ணிதான் எங்கூர முழுங்குச்சு" என்று அம்மாயி கேலி பண்ணுவாள். தாத்தா பதிலுக்குப் பேசி நான் பார்த்ததில்லை.

அதே பத்தாண்டில் சீனாவில் என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தேன். பீஜிங்கின் மதில்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். 1958-ல் சிய்யான் மதிலையும் இடித்துவிடலாம் என்றுதான் முடிவு. அடுத்த வருஷம் மத்திய அரசு தலையிட்டு நிறுத்தியது. 1961-ல் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆனது. ஆனால் அதே 1959-ல் சீனாவின் கிழக்கே ஷிசெங் என்ற பழைய நகரம், மதில், அலங்கார வளைவு எல்லாவற்றோடும் நீர்மின் அணைக்குள் மூழ்கியது. இப்போது அங்கே முக்குளிப்பவர்கள் விளக்கோடு இறங்கிச் சிங்கச் சிற்பங்களைப் படம் எடுக்கிறார்கள். சீனாக்காரன் காப்பாற்றினான், நாம் விட்டுவிட்டோம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கணக்கு அப்படி இல்லை. ஒரே நாட்டில் ஒரே வருஷத்தில் ஒன்று மேலே நின்றது, ஒன்று கீழே போனது.

நம் பக்கம் மூர்த்திகளை எடுத்துவந்து பவானிசாகரில் கோயில் கட்டி வைத்தார்கள். கற்கோயில் அங்கேயே நின்றுவிட்டது. மழை பொய்த்த வருஷங்களில் நீர் இறங்கும்போது மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தலை காட்டும். உடனே பேப்பரில் படம் வரும், டிவியில் 'அதிசயம்' என்று ஓடும். அதைப் பார்க்கக் கொடுக்கும் விலை வறட்சி என்பதை யாரும் சொல்வதில்லை.

*

2017 கோடை அப்படியொரு கோடை. மசினகுடியில் மூங்கில் கருகி, மாடுகள் எலும்பாகி நின்ற வருஷம். அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லட்டி ஏறி, ஊட்டி, கோத்தகிரி வழியாக இறங்கி அணைக்கரைக்கு வந்தோம். வெடித்த சேற்றுக்கு அப்பால் தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கட்டிடம். நான் போனை எடுத்து ஜூம் பண்ணினேன்.

அம்மாயி கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு பார்வை வேறு பக்கம் போனது. கோட்டையைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"அங்கன ஒரு புளியமரம் இருந்துச்சு. அதுக்குப் பின்னால எங்க ஊடு. ஆட்டுக்கல்லு கனமா இருக்குதுன்னு எங்கப்பன் விட்டுட்டு வந்துட்டாரு. புது ஊர்ல வேற வாங்கிக்கலாம்னாரு. எங்கம்மா சாகறவரைக்கும் அந்த ஆட்டுக்கல்லத்தான் பேசுவா."

நான் மாதவ தண்டநாயகரைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். நீலகிரி சாதாரன், மூன்றாம் வல்லாளன் எல்லாம். "அப்படியா சாமி" என்று கேட்டுக்கொண்டாள்.

இந்த இடங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மசினகுடியிலிருந்து ஒரு நாள் போதும். தெப்பக்காடு, பந்திப்பூர் வழியாக குண்டல்பேட்டை. பக்கத்தில் கோபாலசாமி பெட்டா, 1,454 மீட்டர், பகலிலும் பனி மூடும். 1315 வாக்கில் எழுந்த அந்த மலைக்கோயிலோடும் மாதவ தண்டநாயகரின் பெயர்தான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. சொந்த வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும், அரசுப் பஸ்ஸில்தான் ஏறணும். குண்டல்பேட்டையிலிருந்து சாமராஜநகர் போகும் ரோட்டில் தெரகணாம்பி. ஒரு காலத்தில் ஒரு மலையையே ஆண்ட ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய கோயில்களும் டீக்கடைகளும் இருக்கும். இரவு ஒன்பதுக்குள் பந்திப்பூரைத் தாண்டிவிட வேண்டும், அதற்குமேல் ரோடு யானைகளுக்கு.

டணாய்க்கன் கோட்டைக்கு மட்டும் வழி சொல்ல முடியாது. அதற்கு மேலே, அதே மோயாற்றுப் பள்ளத்தில் தெங்குமரஹடா என்ற நெல் விளையும் கிராமம் இருக்கிறது. இப்போது புலிகள் காப்பகத்துக்காக அதைக் காலி செய்வது பற்றிக் கோர்ட்டில் பேச்சு ஓடுகிறது. போனால் பணம், இருந்தால் யானை, நடுவில் ஆறு. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. போன மாதம் அத்தை ஒருத்தி போனில் அம்மாயியிடம் யோசனை கேட்டாள்.

"போறதா இருந்தா ஆட்டுக்கல்ல விட்றாத" என்றாள் அம்மாயி.