எச்சில், உப்பு, ஒரு பெயர்

மும்பைக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகப் போகிறது. இத்தனை வருஷத்தில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, "நீங்க கோவாவா?" என்பதுதான். எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இல்லைங்க, தமிழன்தான் என்று சொன்னால், அப்படியா என்று ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதனால்தான் என் மகன் தன் மகளுக்கு யாழினி என்று பெயர் தேர்ந்தெடுத்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஞானஸ்நானத்துக்குப் பதிவு செய்யக் கோயில் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அம்மாள் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இது புனிதர் பெயர் இல்லையே, மேரி, தெரசா என்று ஏதாவது எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மகனுக்குக் கோபம். எனக்கோ சிரிப்பு வந்தது. இந்த வழக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே பாண்டிச்சேரியில் நடந்த வழக்கு அல்லவா! நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில், பிற சமய அன்பர்களுக்காகச் சில வார்த்தைகள். ஞானஸ்நானம் என்பது பெயர் சூட்டு விழா என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. பழைய வாழ்வுக்குச் செத்து, புது வாழ்வுக்கு எழுவது என்பதே அதன் பொருள். கிரேக்க மூலச் சொல்லுக்கு 'முக்கி எடுத்தல்' என்று அர்த்தம். இன்று கத்தோலிக்கர் சொல்லும் 'திருமுழுக்கு' அதற்கு நெருக்கமான சொல். சீர்திருத்த சபையார் பழைய 'ஞானஸ்நானம்' என்பதையே வைத்திருக்கிறார்கள். தகப்பன், மகன், தூய ஆவி ஆகியோரின் பெயரால் தலையில் மூன்று முறை தண்ணீர் வார்ப்பது நம் பக்கத்து வழக்கம். ஆற்றிலோ தொட்டியிலோ முழுக்கியெடுக்கும் சபைகளும் உண்டு. தண்ணீரும் அந்த வார்த்தைகளும்தான் உயிர்நாடி. மற்றதெல்லாம் சுற்றிலும் வந்து சேர்ந்த சடங்குகள். ஆனால் சண்டை மூண்டது அந்தச் சுற்றுச் சடங்குகளில்தான்.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். கடலில் தங்களை நெருக்கியவர்களிடமிருந்து போர்ச்சுக்கீசியர் காப்பாற்றுவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது, அதை மறைப்பானேன்? 1542-ல் சவேரியார் வந்து சேர்ந்தார். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரை எழுதிக் கொடுப்பாராம். பர்னாந்து, கோஸ்தா, கோமஸ் எல்லாம் அப்படிப் போர்ச்சுக்கீசிய உறவில் கரையேறிய பெயர்கள்தான். தண்ணீரோடு சேர்ந்து வந்தவை, அப்படியே ஒட்டிக்கொண்டன.

உள்நாட்டில் கதை வேறு. மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைத் துறவி பல வருஷம் ஊழியம் செய்தும் உள்ளூர்க்காரர் எவரும் சேரவில்லை. காரணம், கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது என்றுதான் ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி இதைப் புரிந்துகொண்டு, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் இருக்கலாம் என்று வாதாடினார். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அதற்கு அனுமதியும் கொடுத்தார்.

ஆனால் ஞானஸ்நானத் தொட்டியருகே ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்து உரோமைச் சடங்கில் குரு, பெறுபவரின் முகத்தில் ஊதுவார். நாக்கில் உப்பு வைப்பார். பிறகு தம் விரலில் எச்சிலைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் தடவுவார். மாற்கு நற்செய்தியில் இயேசு காது கேளாதவரை உமிழ்நீர் தொட்டுக் குணமாக்கியதன் நினைவு அது. உப்பு சரி, உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பவர்கள் நாம். ஆனால் எச்சில்? தண்ணீர்ச் செம்பைக்கூட உதட்டில் வைக்காமல் தூக்கிக் குடிக்கும் ஊரில், இன்னொருவர் எச்சிலை மூக்கில் தடவினால் யார் நிற்பார்கள்? ஆகவே மதுரை மிஷன் சாமியார்கள் எச்சிலையும் ஊதுதலையும் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள்.

1703 நவம்பரில் போப்பின் தூதராகத் தூர்நோன் பாண்டிச்சேரியில் வந்து இறங்கினார். அவர் சீனாவுக்குப் போகிற வழியில் வந்தவர். உடம்பு சரியில்லாததால் உள்நாட்டுப் பக்கமே போகவில்லை. இருந்தும் 1704 ஜூனில் பதினாறு கட்டளைகள் கொண்ட ஒரு தீர்ப்பைப் போட்டார். எச்சில், உப்பு, ஊதுதல் எதையும் விடக்கூடாது. ஞானஸ்நானப் பெயர் உரோமைப் புனிதர் பட்டியலில் இருந்தே வரவேண்டும். எங்கள் கோயில் அலுவலக அம்மாள் சொன்னதேதான்! வழக்கு உரோமைக்குப் போய் நாற்பது வருஷம் இழுத்தது. எச்சில் விஷயத்தில் மட்டும் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு விலக்கு கொடுத்து, 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் தூர்நோன் பக்கமே முடித்துவைத்தார்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். புனிதரின் பெயரை ஒலியால் எடுக்காமல் பொருளால் எடுத்துக்கொண்டார்கள். யோவான் என்றால் கடவுளின் அருள், எனவே அருளப்பன். பவுல் என்றால் சிறியவன், எனவே சின்னப்பன். 1744 தீர்ப்புக்கு அடுத்த வருஷம், 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு வைத்த பெயர் லாசர். லாசர் என்றால் 'கடவுள் உதவினார்'. ஆகவே தேவசகாயம். அவர் மனைவி ஞானப்பூ ஆனார். தேவசகாயம் 1752-ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இப்போது தேவசகாயமே பட்டியலில் உள்ள புனிதர் பெயர்!

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நோபிலி வழியில் தமிழுக்கு இடம் கிடைத்தது, கூடவே சாதிக்கும் கிடைத்தது. எச்சிலைக் கண்டு மிரண்டது வெறும் சுத்தம் பார்ப்பது மட்டுமா? யாருடைய எச்சில் என்ற கேள்வியும் அதில் ஒளிந்திருந்தது. அதே தூர்நோன், அதே தீர்ப்பில், பறையர் வீட்டில் நோயாளி இருந்தால் குரு அந்த வீட்டுக்குள் போய்த்தான் ஆகவேண்டும் என்றும் கட்டளையிட்டார். பெயர் விஷயத்தில் அவர் சொன்னது தப்பு என்பேன். இதில் அவர் சொன்னதே சரி. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலுக்குச் சாதிக்கு ஒன்றாக இரண்டு நடுக்கூடங்கள், நடுவே தடுப்பு. கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த கோயில். 1910-ல்தான் தடுப்பை இடித்தார்கள். ஒரே தண்ணீரில் பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டே நாம் செய்த காரியம் இது. என் தாத்தா வீட்டிலும் இதைப் பற்றிப் பேச்சே வராது; வந்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

யாழினி விஷயத்துக்கு வருகிறேன். 1917-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், கிறிஸ்தவப் பெயர் வைக்க முடியாவிட்டால் ஒரு புனிதர் பெயரைக் குரு சேர்த்துக்கொள்ளட்டும் என்றது. 1983 சட்டத்தின் 855-ம் விதியோ, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பங்குச் சாமியாரிடமே காட்டினேன். அவர் மங்களூர்க்காரர். யாழ் என்றால் என்ன என்று கேட்டார். தாவீது ராஜா வாசித்தாரே, அந்த மாதிரி நரம்புக் கருவி என்றேன். "அப்புறம் என்ன அங்கிள்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமுழுக்கு. உப்பும் ஊதுதலும் 1969-ல் வந்த புதுச் சடங்கு முறையிலேயே போய்விட்டன. காதையும் வாயையும் தொடுவது மட்டும் இருக்கிறது. சாமியார் கட்டைவிரலால் பேத்தியின் காதைத் தொடும்போது எட்டிப் பார்த்தேன். எச்சில் இல்லை. பதிவேட்டில் பெயர் யாழினி, அடுத்த கட்டத்தில் பர்னாந்து.