வளையாத வெளிச்சம்: எண்டோஸ்கோப்பைக் கழுவும் கதை

இன்னைக்கு ஒரு பிரஷ்ஷோட கதை.

1957. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ்னு ஒரு டாக்டர், புதுசா செஞ்ச வளையும் குழாயை முதல்ல தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். சில நாள் கழிச்சுத்தான் நோயாளிக்கு. உள்ளே முழுக்க மெல்லிய கண்ணாடி இழைகள். குழாய் எப்படி வளைஞ்சாலும் வெளிச்சம் கூடவே வளைஞ்சு போகும்.

பின்னாடி வந்த கருவிகளில் திசு எடுக்க, உறிஞ்ச, தண்ணி பீச்சன்னு உள்குழாய்களும் சேர்ந்தன. அகலம் சில மில்லிமீட்டர்தான். நீளமோ ஒரு மீட்டருக்கு மேல. வினையே அங்கதான். ஒருத்தர் வயித்துக்குள்ள போனது அடுத்தவருக்கும் போகணும். கொதிக்க வைச்சா பசையும் லென்ஸும் போயிடும். அதனால பிரஷ் விட்டுத் தேய்ச்சு, அலசி, குளூட்டரால்டிஹைடு மாதிரி ரசாயனத்தில் ஊற வைச்சாங்க. கண் எரியும், மூக்கு எரியும்.

பேசாம புற ஊதா விளக்குல காட்டிடலாமேன்னுதான் நானும் நினைச்சேன். சூரிய ஒளி பாக்டீரியாவைத் தடுக்கும்னு டவுன்ஸ், பிளண்ட்னு ரெண்டு பேர் 1877லேயே இங்கிலாந்தில் காட்டிட்டாங்க. பாதரச விளக்கோட 254 நானோமீட்டர் கதிர் கிருமியின் டி.என்.ஏ.வையே சிதைக்கும். ரசாயனம் வேணாம், நெடியும் இல்ல.

ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. வெளிச்சத்தை வளைச்சதாலதான் இந்தக் கருவியே பிறந்துச்சு. இந்தக் கதிரை மட்டும் சாதாரணக் கண்ணாடி விழுங்கிடும். நேர்கோட்டில்தான் போகும், காய்ஞ்ச சளிக்குப் பின்னாடி ஒளிஞ்ச கிருமியைத் தொடாது. உள்குழாய் இல்லாத, மூக்கு தொண்டை பார்க்கிற சின்ன ஸ்கோப்புகளுக்கு நிமிஷக் கணக்கில் வேலை முடிக்கும் புற ஊதா பெட்டிகள் உண்டு. அதுலயும் முதல்ல கழுவிட்டுத்தான் வைக்கணும்.

சரி, கழுவினா போதுமா? 2015இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய மருத்துவமனை. பித்தநாளம் வரை போகிற டியோடினோஸ்கோப் வழியா, மருந்துக்கு அடங்காத கிருமி 7 பேருக்குத் தொத்துச்சு. 2 பேர் இறந்தாங்க. தயாரிப்பாளர் சொன்னபடியேதான் கழுவினோம்னு மருத்துவமனை சொன்னது. அதை நம்பறது எனக்குக் கஷ்டமா இல்ல. அந்தக் கருவியின் முனையில் ஒரு குட்டி நெம்புகோல் இருக்கு. அதன் இடுக்கில் பிரஷ்ஷே சரியா நுழையாது. பிரஷ் போகாத இடத்துல வெளிச்சம் மட்டும் எப்படிப் போகும்?

2019இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. வேற வழி சொன்னது: முனையைக் கழட்டித் தூக்கிப் போடுற மாதிரி டியோடினோஸ்கோப்புக்கு மாறுங்க. உள்குழாய்க்கு மட்டும் இன்னைக்கும் அதே பிரஷ்தான்.